திண்டிவனத்தில் நின்ற லண்டன் ரயில்

போன மாதம் லண்டன் போய்வந்தேன். விசா கேட்கவில்லை, கம்பளி எடுத்துப் போகவில்லை. திண்டிவனத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பை உள்ளேயும் மீதியை வெளியேயும் வைத்துக்கொண்டு போனால் லண்டன் வந்துவிடுகிறது. வாசலில் டெல்லி அப்பளம் விற்கிறார்கள்.

இந்த லண்டனைக் கட்டியவன் என் மச்சினன் குமரவேல். விழுப்புரத்துக்காரன். கல்யாண மண்டபங்களில் மணமேடைக்குப் பின்னால் மயில், அன்னம், அரண்மனை என்று தெர்மாகோலில் செய்து நிறுத்துவதுதான் பல வருடங்களாக அவன் தொழில். ஊர் ஊராகப் பொருட்காட்சி போடும் முதலாளி ஒருவர் அவனை நம்பித் திண்டிவனம் மைதானத்தில் பாதி இடத்தைக் கொடுத்து, புதிதாக ஏதாவது செய் என்றிருக்கிறார். இவன் மூன்று மாதம் சோறு தண்ணி மறந்து ஒரு லண்டன் ரயில் நிலையத்தையே நிறுத்திவிட்டான். திறந்து பத்து நாள் ஆகியிருந்தது. கூட்டம் வந்தது, ஆனால் தங்கவில்லை.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பாராம் மாமா," என்று போனில் சொன்னான். "அதுக்குள்ள ஜனம் உள்ள நிக்கலன்னா திங்கக்கெழம காலைல எல்லாத்தையும் பிரிச்சிட்டு பேய் வீடு போடறாராம். நீங்கதான் சிங்கப்பூர்ல பாத்துட்டு வந்திருக்கீங்க இல்ல? ஒரு எட்டு வந்து இன்னா கொறைன்னு சொல்லுங்க."

சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரே ஒரு நாள் தீம் பார்க்கில் கால் வலிக்க நடந்தேன். அந்தத் தகுதியில் எங்கள் குடும்பத்தில் நான் நிபுணன். என் மனைவி வசந்தி, "என் தம்பி மூஞ்சியை வாட விட்டுட்டு வந்தீங்க, வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டேன்" என்று வாழ்த்தித் திருநெல்வேலியில் ரயில் ஏற்றிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் விழுப்புரத்தில் இறங்கினேன். எந்தத் திசைக்குப் போகிற ரயிலும் இந்த ஜங்ஷனில் நின்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் போகிறது. பயணிகளுக்கும் அவசரம் கிடையாது. நடைமேடையில் போர்வை விரித்து, பல் விளக்கி, தலை வாரி, பொட்டலம் பிரித்து, பக்கத்துக் குடும்பத்தோடு சம்பந்தம் பேசுகிற அளவுக்கு நெருங்கிவிடுகிறார்கள். எங்கள் ஊர் நடைமேடையில் ஜனங்கள் ரயில் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு விறைப்பாக நிற்பார்கள்.

குமரவேலின் மனைவி செல்வி காலையில் கேப்பை அடை சுட்டுப் போட்டாள். "மல்லாட்டைச் சட்னி வெச்சுக்கோங்கண்ணா" என்றாள். மல்லாந்து படுத்துக்கொண்டு சாப்பிடவேண்டிய பதார்த்தம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பார்த்தால் நம் நிலக்கடலை. பெண் எடுத்து முப்பது வருடமாகியும் அதற்கு இந்தப் பெயர் என்று வசந்தி என்னிடம் சொன்னதே இல்லை. திருநெல்வேலிக்கு வந்ததும் சட்டென்று பாஷையை மாற்றிக்கொண்டவள் அவள்.

குமரவேல் முன்னாலேயே போய்விட்டான். நான் மத்தியானச் சாப்பாடு முடித்து, புதிய பேருந்து நிலையத்தில் "திண்டிவனம், திண்டிவனம்" என்று கத்திய பேருந்தில் ஏறினேன். அது என்னை ஊருக்குள் கொண்டுபோகாமல் புறவழிச்சாலைப் பாலத்துக்குக் கீழே, ஒரு நுங்கு வண்டிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டது.

"திண்டிவனம்னுதானே சொன்னீங்க?" என்றேன் நடத்துநரிடம்.

"பைபாஸ்னு சேத்து சொன்னேனே, காதுல உழல? வண்டி திண்டிவனம் போவுல சார், திண்டிவனத்த தாண்டிப் போவுது. ஜல்தி எறங்குங்க."

வெயிலில் நடந்து, ஆட்டோவில் தொங்கி, ஒருவழியாக லண்டன் போய்ச் சேர்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், வாயைப் பிளந்துவிட்டேன். நுழைந்தவுடன் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு மணிக்கூண்டு. ஒவ்வொரு செங்கல்லும் தனித்தனியாக வரையப்பட்டு, மழையில் நனைந்த கறை கூட விடாமல் தீட்டப்பட்டிருந்தது. வளைவுகள், இரும்பு போலத் தெரிகிற தூண்கள், பித்தளை போலத் தெரிகிற விளக்குகள். நடைமேடையை ஒட்டி நான்கு பெட்டிகளோடு கருஞ்சிவப்பில் ஒரு ரயில், உள்ளே வரிசையாக இருக்கைகள். எல்லாம் பிளைவுட், தெர்மாகோல், ஆணி. பக்கத்தில் மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் குடைந்தான். என் மச்சினன் கல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் போட்டு லண்டனைக் கட்டியிருந்தான்.

"இதுக்குப் பேரு இம்மர்சிவ் மாமா," என்றான். "உள்ள பூந்துட்டா ஊரு பேரே மறந்து பூடணும். வீடியோவுல பாத்துப் பாத்துக் கத்துக்கினேன்." முதலாளிக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை. அவர் இந்த இடத்தை 'எமர்ஜென்சி' என்றே அழைத்தார். மைதானத்தில் எல்லாரும் அப்படியே அழைத்தார்கள். "எமர்ஜென்சி பக்கம் ஒரு லைட்டு எரியல பாரு" என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள், எனக்குத்தான் திக்கென்றிருக்கும்.

மாலை நான்கு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். நான் ஒரு தூணோரம் நின்று வேவு பார்த்தேன். குடும்பம் குடும்பமாக வந்தார்கள், "யம்மாடி!" என்றார்கள், மணிக்கூண்டைத் தலைக்குப் பின்னால் வைத்து செல்ஃபி எடுத்தார்கள், அடுத்த வாசல் வழியாக அப்பளத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஒருவரும் இருக்கவில்லை. வெளியே போகிறவர்களையெல்லாம் குமரவேல் மறித்து, "கூண்டப் பாத்தீங்களா? கல்லுல்லாம் கையால வரைஞ்சது" என்று காட்டிக்கொண்டிருந்தான். பாத்தோம் பாத்தோம் என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

ஒரே ஒரு அம்மாள் மட்டும் ரயிலைச் சுற்றி வந்து, "வண்டி எப்பப்பா எடுப்பாங்க?" என்று கேட்டார்.

"எடுக்க மாட்டாங்கம்மா. இது செட்டு."

"எடுக்காத வண்டிக்கு எதுக்குய்யா இம்மாம் பெரிய ஸ்டேஷனு?" என்று கேட்டுவிட்டு அவரும் அப்பளத்துக்குப் போனார். குமரவேல் முகம் சுண்டிப்போயிற்று.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நிபுணன் என்ற முறையில் என் அறிக்கையைக் கொடுத்தேன். சிங்கப்பூரில் ஒரு கோட்டை பார்த்தோம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். படம் எடுத்தோம், அப்புறம் கழிவறை எங்கே என்று தேட ஆரம்பித்தோம். இன்னொரு இடத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் வாசலில் பழங்காலக் காவல்காரன் வேடத்தில் நின்றவன் வசந்தியை மறித்து, கைப்பையைத் திறந்து, உள்ளே இருந்த நார்த்தங்காய் ஊறுகாய்ப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது எந்த மந்திரவாதி கொடுத்த மருந்து?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். "எங்க அம்மா" என்று வசந்தி தமிழில் பதில் சொன்னாள். அவன் அரண்டுபோனவன் போல ஒதுங்கி மண்டியிட்டு வழிவிட்டான். இந்தக் கதையை அவள் இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குக் கணக்கில்லை. கோட்டை என்ன நிறம் என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"அதனால மாப்ளே, வேடிக்க பாக்க மட்டும் வச்சா ஆள் நிக்காது. வாரவனுக்கும் அங்க ஒரு வேல இருக்கணும்," என்றேன்.

குமரவேல் ரொம்ப நேரம் யோசித்தான். "புரியுது மாமா," என்றான். "பனி இல்ல. அதான் கொறை."

சனிக்கிழமை தெர்மாகோல் பொடி இரண்டு மூட்டையோடு அவன் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். ஒரு மூட்டை முன்னால், ஒரு மூட்டை என் மடியில். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டும்போது ஒரு லாரிக்காற்றில் என் மூட்டையின் வாய் பிரிந்துகொண்டது. அந்த ஊர் தோன்றிய நாளிலிருந்து பெய்திராத பனி பெய்தது. பின்னால் வந்த கார்க்காரர் வைப்பரைப் போட்டுக்கொண்டே எங்கள் பக்கத்தில் வந்து ஜன்னலை இறக்கி, என் வம்சத்தைப் பற்றி விசாரித்தார்.

மிஞ்சிய ஒரு மூட்டையை மாலையில் இரண்டு மின்விசிறிகள் வைத்து ஊதினான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் லண்டனுக்குத் திண்டிவனத்தோடு சுவர் கிடையாது, வெறும் திரைச்சீலைதான். பனி திரைக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் பஜ்ஜிக் கடையில் இறங்கியது. கடைக்கார அம்மாள் கரண்டியோடு உள்ளே வந்துவிட்டார்.

"லண்டன்ல பனி பேஞ்சா பேயட்டும். எம் மாவுல இன்னாத்துக்குய்யா பேயணும்? இத்தத் துன்னுட்டு எவனாவது ஆஸ்பத்திரிக்கிப் போனா நீயா வருவ? பெரிய பேஜாராக்கீதே உன்னோட!"

விசிறியை நிறுத்தினோம். அன்றைக்கும் ஜனங்கள் செல்ஃபி எடுத்தார்கள், தலையைத் தட்டிக்கொண்டு போனார்கள். முதலாளி நாற்காலி போட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பேய் வீட்டுக்கான எலும்புக்கூடுகள் ஒரு சின்ன வேனில் வந்து மைதானத்து மூலையில் காத்திருந்தன. அவன் அவற்றைப் பார்த்துவிட்டு வந்து நடைமேடை விளிம்பில் உட்கார்ந்தான். நக்கலடிக்க எனக்கும் வாய் வரவில்லை. நல்ல கைவேலைக்காரன் ஒருவன் தோற்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் திரும்பிப் போகிற யோசனையில் இருந்தேன். செல்விதான், "இன்னைக்கி ஒரு நாள் அவரு கூட இருங்கண்ணா" என்றாள். சரியென்று பிரியாணி சாப்பிட்டுவிட்டு, இந்த முறை பைபாஸ் இல்லாத பேருந்தாகப் பார்த்து ஏறிப் போனேன்.

ஆறு மணி சுமாருக்கு, விழுப்புரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற காணை கிராமத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. திண்டிவனத்தில் ஒரு காதுகுத்துக்கு வந்துவிட்டு அப்படியே பொருட்காட்சிக்குள் நுழைந்தவர்கள். முப்பது பேர் இருப்பார்கள். மிச்சமான புளிச்சோறு இரண்டு வாளி, தண்ணீர்க் குடம், மூன்று கட்டைப் பைகள். மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கடைசிப் பெட்டிப் பக்கம் வந்தபோது, அங்கே ஏற்கெனவே பத்திருபது பேர் படியருகே படம் எடுக்க நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

ரயில், படிக்கட்டு, நெருக்கடி. இந்த மூன்றும் சேர்ந்ததும் காணைக்காரர் ஒருவருக்கு உடம்பு தானாக வேலை செய்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை உருவி, ஜன்னல் வழியாக உள்ளே வீசி, ஒரு இருக்கையில் போட்டார். யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டார். யோசிக்கிற மனுஷனுக்கு நம் ஊரில் சீட்டு கிடைத்ததும் இல்லை.

படம் எடுக்க உள்ளே போன ஒருவர் அந்தத் துண்டின் மேலேயே குந்தினார்.

"யோவ், துண்டு போட்டிருக்குதுல்ல?" என்றார் காணைக்காரர் வெளியிலிருந்து.

"துண்டு போட்டா உன் எடமா? வண்டிய வெலக்கி வாங்கிட்டியா?"

"மொதல்ல போட்டது நானு. எய்ந்திரி!"

சண்டைச் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. சீட்டுக்குச் சண்டை நடக்கிறதென்றால் வண்டி கிளம்பப்போகிறது என்றுதானே அர்த்தம்? அப்பள வரிசையிலிருந்து, ராட்டினத்திலிருந்து, பிளாஸ்டிக் சாமான் கடையிலிருந்து ஜனங்கள் ஓடிவந்தார்கள். ஜன்னல்கள் வழியாகத் துண்டு, கைப்பை, கர்சீப், ஒரு ஹெல்மெட், கடைசியில் ஒரு குழந்தையே உள்ளே போயிற்று. நான்கு பெட்டியும் நிறைந்து, படியில் தொங்க ஆரம்பித்தார்கள். யாருக்கும் தெரியாமல் இல்லை. சக்கரம் பலகையில் ஆணியடித்து நிற்பதைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பலர் ஏறினார்கள். இடம் கிடைத்ததும் முகத்தில் வந்த நிம்மதி மட்டும் நிஜமானது. நானும் முண்டியடித்து மூன்றாவது பெட்டியில் ஜன்னலோரம் பிடித்துவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவர், "நீங்க எதுவரைக்கும்?" என்று கேட்டார்.

"லண்டன்," என்றேன்.

"பரவால்ல, காலு நீட்டிக்கலாம். நான் அடுத்த ஸ்டேஷன் மயிலத்துலயே எறங்கிடுவேன்," என்று சொல்லிக் கண் சிமிட்டினார்.

அப்போதுதான் குமரவேல் மைக்கைக் கையில் எடுத்ததைப் பார்த்தேன். "பிளைவுட்டு மாமா, தாங்காது! எல்லாரையும் எறங்கச் சொல்றேன்" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். நான் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, "வாய மூடு மாப்ளே! தாங்கலன்னா முட்டுக் கொடு, இறங்கச் சொல்லாத!" என்று கத்தினேன். ஆனால் மைக் ஏற்கெனவே உயிரோடு இருந்தது. கொர்ரென்று ஒரு சத்தம் வந்தது. ரயில் முழுவதும் அமைதியாகி அவனைப் பார்த்தது.

முதல் பெட்டியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "இன்னாபா, லேட்டா?"

குமரவேல் மைக்கை வாயருகே கொண்டுபோனான். ஜங்ஷன் ஊரில் பிறந்தவன் அல்லவா, வார்த்தைகள் எங்கிருந்தோ தானாக வந்தன. "பயணிகள் கவனிக்கவும். லண்டன் செல்லும் வண்டி காலதாமதமாகப் புறப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

"ச்சே!" என்றது முழு ரயிலும் ஒரே குரலில். இவ்வளவு சந்தோஷமான ஒரு 'ச்சே'யை நான் கேட்டதில்லை. உடனே எல்லாரும் காலை மடக்கி உட்கார்ந்தார்கள். கட்டைப் பைகள் திறந்தன. புளிச்சோறு வாளி பெட்டி பெட்டியாகப் போயிற்று. பஜ்ஜிக்கார அம்மாள் நேற்றைய பனியை மன்னித்துவிட்டு, தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு "பஜ்ஜி, பஜ்ஜி, சூடா பஜ்ஜி" என்று ஜன்னல் ஜன்னலாக வந்தார். துண்டுக்காரரும் துண்டின் மேல் உட்கார்ந்தவரும் ஆளுக்குப் பாதி இருக்கையில் ஒண்டிக்கொண்டு, எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்து, ஒருவருடைய கொழுந்தியாளை இன்னொருவரின் பெரியப்பா வீட்டில் கொடுத்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கால்மணி நேரத்துக்கு ஒரு தடவை குமரவேல் தாமதத்தை நீட்டி அறிவித்தான். ஒவ்வொரு தடவையும் "ச்சே!" அடியில் இரண்டு தச்சர்கள் முட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். "இன்னாய்யா, உள்ள போன ஒருத்தனும் வெளிய வர மாட்டேங்கறான்?" என்று எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு குமரவேலின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "எமர்ஜென்சி வேல செய்யுதுடா! எலும்புக்கூட்டத் திருப்பி அனுப்பிடறேன். அடுத்து கடலூருக்கு இதுதான் போவுது."

குமரவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

"ஆனா ஒண்ணு," என்றார் முதலாளி. "அந்த மணிக்கூண்டு எடத்த அடைச்சிக்கினு நிக்கிது. நாளைக்கி அத்தப் பிரிச்சிட்டு இன்னும் நாலு பொட்டி சேரு."

வேடிக்கை பார்க்க மட்டும் வைத்தால் ஆள் நிற்காது என்று அறிக்கை கொடுத்தவனே நான்தான். ஆனாலும் ரயிலை விட்டு இறங்கிப் போய், "அது அவன் உசுரக் குடுத்து செஞ்சதுங்க. இருந்துட்டுப் போகட்டுமே," என்றேன்.

"இருக்கலாம் சார். நீங்களே சொல்லுங்க, யாராச்சும் ஒருத்தன் அத்தப் பாக்கறானா?"

நான் பார்த்தேன். எத்தனையோ தலைகள். சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன, எதிரில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தன, இடம் போய்விடக்கூடாதே என்று இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தன. குமரவேல் சரியென்று தலையை ஆட்டினான்.

பொருட்காட்சியை மூடுகிற மணி அடித்தது. எவரும் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. குமரவேல் மைக்கை எடுத்தான். "திண்டிவனம் வந்துடுச்சி. அல்லாரும் அவங்கவங்க சாமான பாத்து எடுத்துக்கினு எறங்குங்க."

எழுந்தார்கள். இருக்கைக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடினார்கள். தூங்கிய குழந்தைகளைத் தோளில் போட்டார்கள். காணைக்காரர் துண்டை உதறி மடித்தார். வாசலில் குமரவேல் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து இறக்கிவிட்டான். கூண்டைப் பார்த்தீர்களா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. "படி ஒசரம், பாத்து, பாத்து" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

காலி வாளியோடு கடைசியாக இறங்கிய காணை அம்மாள் ஒருவர் அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "ஏம்பா, நீதான் டிரைவரா?" என்று கேட்டார்.

அவன் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தான்.

"ஆமாம்மா," என்றான்.